நான் கறை போட்ட நாவல்

பேய்க்கதை எழுதுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் புத்தகத்தை நிறையப் பேர் முழுசாகப் படிப்பதில்லை. நாற்பது பக்கம், மிஞ்சிப்போனால் ஐம்பது. அதற்கு மேல் தாளெல்லாம் சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி மொடமொடவென்று இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களைத் துடைத்து, பிரித்து, அடுக்குகிற வேலையைப் பத்தொன்பது வருஷம் பார்த்தவள் நான். படித்தவர் வாயால் சொல்லும் கருத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. புத்தகம் எந்தக் கோலத்தில் திரும்பி வருகிறதோ அதுதான் கருத்து.

நூலகத்தின் வாசகர் வட்டம் ஒரு மலர் போடப்போகிறதாம். என் பழைய மேலதிகாரி ராஜி மிஸ் போன வாரம் போன் செய்தார்.

"ஆண்ட்டி, இப்ப எங்களுக்கு மெஷின் வந்துடுச்சு. ரிட்டர்ன் புக்கெல்லாம் அதுவே பிரிச்சுப் போட்டுடுது. நீங்க வேலை பார்த்த கதையை எழுதிக் குடுங்க. அப்படியே ரீசென்ட்டா படிச்ச ஃபேன்டசி, ஹாரர், சயின்ஸ் ஃபிக்‌ஷன் பத்தி உங்க ஒப்பீனியனும் வேணும்."

"நான் ரெண்டாங்கிளாஸ் மிஸ்."

"தெரியும். மத்தவங்க எல்லாம் ரொம்ப நல்லா எழுதுறாங்க. படிக்கவே முடியல லா."

அதனால் எழுதுகிறேன். நான் எழுத்துக்கூட்டி எழுதியதை என் மருமகள் தட்டச்சு செய்கிறாள். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக்கொள்கிறாள். அந்த ஆசையாவது அவளுக்கு இருக்கட்டும்.

முதலில் கருத்து. சென்ற மாதம் ஒரு பேய் நாவல் படித்தேன். அடுக்குமாடிக் கட்டடம், பன்னிரண்டாம் மாடி, தூக்குப் போட்டுக்கொண்ட பெண். அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படியேறி வருகிறாள். படியேறி! பக்கத்திலேயே லிஃப்ட் இருக்கிறது. செத்த பிறகும் பன்னிரண்டு மாடி ஏறி இறங்கவேண்டும் என்றால் அவள் பயமுறுத்த வரவில்லை, உடம்பைக் குறைக்க வருகிறாள். அதற்கு முன்னால் ஒரு மாயக்கதை. இளவரசனும் அவன் கூட்டாளிகளும் இருநூறு பக்கம் நடக்கிறார்கள். ஒருத்தனுக்கும் கால் வலிக்கவில்லை. கூடவே வீடு அளவுக்கு ஒரு பறக்கும் நாகம். அதற்கு யார் சாப்பாடு போட்டார்கள், அது போட்டதை யார் அள்ளினார்கள் என்று ஒரு வரி இல்லை. விஞ்ஞானக் கதையிலும் இதே குறைதான். வேற்றுக் கிரகத்துக்குப் போன கப்பல் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறதாம். துடைத்தது யார்? எழுதியவர் வீட்டில் துடைக்கிறவர் யாரோ, அவர்தான் அங்கேயும் போயிருக்க வேண்டும்.

இனி வேலை. நூலகத்தின் பெயர் வேண்டாம், அது இந்தத் தீவின் வடகிழக்குப் பக்கம் இருக்கிறது என்பது போதும். நான் ஃபேரர் பார்க்கிலிருந்து ரயிலேறிப் போவேன். முதல் இரண்டு வருஷம் தரை துடைத்தேன், கழிப்பறை கழுவினேன். அடுக்குகிற ஆள் ஒருநாள் வரவில்லை. நான் நம்பரைப் பார்த்து அடுக்கினேன். அவர் அடுக்கியதைவிட நேராக இருந்தது. அப்புறம் என்னைத் துடைப்பம் தொடவிடவில்லை. என் பயிற்சி அவ்வளவுதான்.

காலையில் போனதும் புத்தகம் போடும் பெட்டியைத் திறந்து தள்ளுவண்டியில் ஏற்றுவேன். ஈரத்துணியால் அட்டை, காய்ந்த துணியால் முதுகு. பிறகு முதுகைப் பிடித்துத் தலைகீழாக ஓர் உதறு. ரசீது விழும், தலைமுடி விழும், காய்ந்த மல்லிகை விழும். ஒருமுறை பேய்ப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு பிடி விபூதி கொட்டியது. நாற்பதாம் பக்கத்தில் யாரோ அந்தப் பேய்க்குப் பூசிவிட்டிருக்கிறார்கள். உதறிய பிறகு கட்டைவிரலால் பக்கங்களைச் சர்ரென்று ஓட்டிப் பார்க்கவேண்டும். கிழிசல், ஈரம், பூச்சி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. ஆனால் அந்த ஓட்டத்திலேயே எனக்குப் புத்தகத்தின் ஜாதகம் தெரிந்துவிடும். பேய்க்கதை என்றால் எண்ணெய் விரல் நாற்பது பக்கத்தோடு நின்றுபோகும். மாயக்கதை மூன்று பாகம் என்றால் முதல் பாகம் கந்தல், இரண்டாவது சுமார், மூன்றாவது புதுசு. கடைசியில் யார் ராஜாவானார் என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். விஞ்ஞானக் கதையில் ஓரமெல்லாம் பென்சில் கணக்கு. எஞ்சினியர்மார் எடுத்துப்போய் "இது நடக்காது" என்று எழுதி அடிக்கோடு போட்டு அனுப்புவார்கள். அதை ரப்பரால் அழிப்பது என் வேலை. எத்தனை ராக்கெட்டுகளைக் காப்பாற்றியிருக்கிறேன் தெரியுமா.

தமிழ் அலமாரியில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் என்னிடம் வந்து, "ஆண்ட்டி, இது எப்படி?" என்பார்கள். "இது நாப்பது பக்கம் போகும்" என்பேன். "இது ஃபுல்லா போகும், ஆனா சாப்பிடும்போது படிக்காதீங்க" என்பேன். அப்போது நான் ஒரு நாவலையும் படித்ததில்லை. ஆனாலும் என் வாக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை.

ராஜி மிஸ்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், நான்கு தலைமுறையாக இங்கேதான். 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பார். பேசுவதில் பாதி ஆங்கிலம், மீதி சிரிப்பு. கத்தமாட்டார், மேஜையைத் தட்டமாட்டார். ஆனால் கோபம் வந்துவிட்டால் ஆங்கிலம் காணாமல் போய்விடும். செய்தி வாசிப்பவர் மாதிரிச் சுத்தத் தமிழ் வரும். "தயவுசெய்து சற்று இங்கே வருகிறீர்களா?" என்று அவர் குரல் கேட்டால் அலமாரிகளுக்கு நடுவே நாங்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிடுவோம். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியும்வரை ஒருவரும் மூச்சுவிடமாட்டோம்.

அந்தச் சுத்தத் தமிழை ஒரே ஒருமுறை நான் வாங்கினேன். அது கதிரேசன் சாரால் வந்தது. இல்லை, என்னால் வந்தது.

கதிரேசன் சார் லிஃப்ட் மெக்கானிக். ஆங் மோ கியோவில் வீடு. ஓய்வுபெற்ற பிறகு விஞ்ஞான நாவல் ஒன்று எழுதித் தாமே அச்சடித்து, எங்கள் நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுத்தார். 'நிற்காத மின்தூக்கி' என்று பேர். பூமியிலிருந்து நிலாவுக்கு ஒரு லிஃப்ட். முன்னூறு பக்கம், பொடி எழுத்து.

செவ்வாய்க்கிழமை தோறும் பதினோரு மணிக்கு வருவார். நேராக நீல வட்டம் ஒட்டிய விஞ்ஞான வரிசைக்குப் போவார். தம் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, மூடி, மற்றதைவிட ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துவிட்டுப் போவார். அவர் போனதும் நான் உள்ளே தள்ளுவேன். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல். யாராவது எடுத்தார்களா என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. திறந்தால் முதுகு படக்கென்று சத்தம் போடும் புத்தகம் யார் கையும் படாத புத்தகம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒருநாள் யாரும் எடுக்காத புத்தகங்களின் பட்டியல் வந்தது. அதில் இருப்பதை நான் அலமாரியிலிருந்து இறக்கிப் பெட்டியில் போடவேண்டும். பெட்டி பழைய தாளுக்குப் போகும். 'நிற்காத மின்தூக்கி' இரண்டு பிரதியும் பட்டியலில் இருந்தது.

"மிஸ், ஒருத்தர் எடுத்துட்டா?"

"எடுத்துட்டா லிஸ்ட்ல இருந்து போயிடும். ஆனா யாரு எடுக்கப்போறா, ஆண்ட்டி?"

நான் எடுத்தேன். என் அட்டையில் நான் எடுத்த முதல் புத்தகம் அதுதான். மற்றது பெட்டிக்குப் போனது.

வீட்டில் மூன்று வாரம் சாமி படத்துக்குக் கீழே கிடந்தது. படிக்கிற எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்கியபோது யோசித்தேன். புத்தகம் புதுசாகவே போய் நின்றால் செவ்வாய்க்கிழமை அவர் திறப்பார், படக்கென்று சத்தம் கேட்கும். எடுத்தவரும் திறந்து பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். அது எடுக்காததைவிடக் கேவலம்.

உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். படித்த புத்தகம் எப்படி இருக்கும் என்று இந்த ஊரிலேயே என்னைவிடத் தெரிந்தவர் இருக்கமுடியாது. அரிசி மூட்டைக்கு அடியில் இரண்டு நாள் வைத்து முதுகை வளைத்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் மஞ்சள் கட்டைவிரல். முப்பதாம் பக்கத்தில் தேநீர்க் கோப்பையின் அடிவட்டம், அதுவும் முழு வட்டமாக இல்லாமல் பாதி. முழு வட்டம் போட்டால் வேண்டுமென்று வைத்த மாதிரி இருக்கும். என் முடி நரை, ஆகவே மருமகளின் சீப்பிலிருந்து ஒன்று. காய்கறிக் கடை ரசீது ஒன்று. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தபோது அலுத்துவிட்டது. அந்தப் பக்கத்தின் மூலையை மடித்தேன், முடித்தேன். கைவேலை அவ்வளவு நன்றாக வந்திருந்தது. கொஞ்ச நேரம் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். எடுத்தார். திறந்தார். சத்தம் வரவில்லை. அப்படியே அலமாரிப் பக்கத்துக் குட்டி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மஞ்சள் கறையைத் தடவிப் பார்த்தார். நான் இரண்டு வரிசை தள்ளி நின்று, அடுக்கியதையே அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா," என்று கூப்பிட்டார். "யாரு எடுத்தாங்கன்னு தெரியுமா?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது சார். ரூல்ஸ்."

"சரி சரி, வேணாம்." முகமெல்லாம் சிரிப்பு. அந்த வாரம் புத்தகத்தை வெளியே நீட்டி வைக்கவில்லை. மற்றதோடு சேர்த்து வைத்துவிட்டுப் போனார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரை எழுதவேண்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தேக்கா சந்தையில் அவரைப் பார்த்தேன். கையில் மீன் பை. விடமாட்டேன் என்று உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். ஆள் பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தார்.

"ரெண்டாம் பதிப்புப் போடுறேன் அக்கா. பழுது எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"என்ன பழுது சார்?"

"அந்தப் புக்க நல்லாப் பார்த்தேன். நூத்தி நாப்பத்தி மூணு வரைக்கும் அழுக்கு இருக்கு. மூலை மடிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் சுத்தம். லிஃப்ட் எங்க நிக்குதோ அங்கதான பழுது? அது ஏழாவது அத்தியாயம். தூக்கிட்டேன்."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். பேய்ப் புத்தகத்தை உதறி உதறிப் பழகிய கை. பாதியில் நிறுத்திய புத்தகம் மாதிரியே செய்து வைத்திருக்கிறது. அந்த நினைப்பே இல்லாமல் செய்திருக்கிறேன்.

"ஏழாவதுல என்ன வருது சார்?"

"ஒண்ணும் வராது. நடுவானத்துல லிஃப்ட் நின்னுடும். பதினோரு பேரு உள்ள மாட்டிக்கிட்டுச் சும்மா பேசிக்கிட்டிருப்பாங்க. இருபத்தெட்டு வருஷ வேலைல நான் நேர்ல பார்த்தது அது ஒண்ணுதான், மிச்சமெல்லாம் கற்பனை. நேர்ல பார்த்தது போரடிக்கும்போல."

மறுநாள் புத்தகத்தை மறுபடியும் எடுத்துவந்தேன். ஏழாம் அத்தியாயம் முப்பத்தொரு பக்கம். மத்தியான நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, நான்கு நாள் படித்தேன். லிஃப்டுக்குள் ஒரு மலாய் மக்சிக், அதாவது நம் ஊர் அத்தை வயசுப் பெண்மணி, டப்பாவில் கொண்டுவந்த பலகாரத்தைப் பதினொன்றாகப் பங்கு வைக்கிறார். ஒரு சீனத் தாத்தாவுக்கு மூத்திரம் முட்டுகிறது. பால்மாவு டின் ஒன்று கிடைக்கிறது. ஒரு தமிழ் ஆள் குடையை விரித்து மறைப்புப் பிடிக்கிறார். அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கக்கூடாது என்று, கண்ணை மூடிக்கொண்டு ரயில் நிலையங்களின் பெயரையெல்லாம் வரிசையாக உரக்கச் சொல்கிறார். தாத்தா முடிக்கவில்லை, ரயில்பாதை முடிந்துவிடுகிறது. அடுத்த பாதைக்கு மாறுகிறார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிழவிக்கு என்ன ஆயிற்று என்று மருமகள் எட்டிப் பார்த்தாள். விஞ்ஞானக் கதையில் முதல் தடவையாக ஒரு மனுஷனுக்கு மூத்திரம் வருகிறது, அதைத்தான் இவர் தூக்கிப் போட்டிருக்கிறார்.

ஐந்தாம் நாள் முதல் அத்தியாயத்தைப் பிடித்தேன். பாதிகூடத் தாண்டமுடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை நூலகத்தில் வாசகர் வட்டம். அண்மையில் படித்த பேய், மாய, விஞ்ஞான நாவல்கள் பற்றிய கருத்துப் பகிர்வு. நாற்காலி போடுவது என் வேலை. கதிரேசன் சார் முன்னாலேயே வந்துவிட்டார். ஓரமாகக் கூப்பிட்டேன்.

"சார், அந்த ஏழாவதை எடுக்காதீங்க. நான் படிச்சேன். ரொம்ப நல்லாருக்கு."

என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க நல்லவங்க அக்கா. என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. மனுஷங்க அப்படித்தான் சொல்வாங்க. புத்தகம் பொய் சொல்லாது."

நான் இத்தனை வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்த பேச்சு. கறை போட்டது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சீருடை போட்டிருந்தேன். நூலகப் புத்தகத்தைப் பாழாக்கிய ஊழியர் என்று தெரிந்தால் வேலை போகும். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. நாற்காலி போடப் போய்விட்டேன்.

கூட்டத்தில் இருபது பேர் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு நாவலைப் புகழ்ந்தார்கள். அவர் முறை வந்ததும், நான் முதல் நாள் திருப்பிக் கொடுத்திருந்த அதே பிரதியைத் தூக்கிக் காட்டினார்.

"இதை யாரோ ஒருத்தர் படிச்சிருக்காங்க. இங்க நிறுத்திட்டாங்க. எனக்கு இதைவிட நல்ல விமர்சனம் வேண்டியதில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துட்டு, ஃபைலை நேத்து அச்சகத்துக்கு அனுப்பிட்டேன். திங்கட்கிழமை அச்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். என் கை தானாக மேலே போயிற்று.

"என்ன ஆண்ட்டி?" என்றார் ராஜி மிஸ்.

"அதப் படிச்சு நிறுத்துனது யாருமில்ல மிஸ். அந்த மஞ்சள் எங்க வீட்டு மஞ்சள். தேத்தண்ணி வட்டமும் நான் வச்சதுதான். மூலையை மடிச்சதும் நான்தான். அந்த முடி என் மருமவளோடது."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ராஜி மிஸ் எழுந்து நின்றார்.

"அஞ்சலை அம்மா. நூலகத்தின் உடைமையை நீங்கள் வேண்டுமென்றே சேதப்படுத்தினீர்கள் என்று நான் புரிந்துகொள்ளலாமா?"

"ஓம் மிஸ்," என்றேன். ஏன் அந்தச் சொல் வந்தது என்று தெரியவில்லை.

"திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் அறைக்கு வாருங்கள்."

போனேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். வேலை தப்பியது. அது திங்கட்கிழமை. சனிக்கிழமை அந்த அறையில் நான் ராஜி மிஸ்ஸைப் பார்க்கவே இல்லை. கதிரேசன் சாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்தைத் திறந்து அந்தக் கறைகளை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தார்.

"அப்ப, யாருமே படிக்கல," என்றார்.

"நான் படிச்சேன் சார். ஏழாவது மட்டும். நாலு நாளாச்சு. முதல் அத்தியாயமும் எடுத்துப் பார்த்தேன், முடியல. எங்க புளோக்குல லிஃப்ட் ரிப்பேருன்னு நோட்டீஸ் ஒட்டுவாங்களே, அதயே இருபது பக்கத்துக்கு எழுதியிருக்கீங்க. மிச்சம் எப்படின்னு எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லமாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. பையை எடுத்தார். நாற்காலிகளை விலக்கிக்கொண்டு கதவு வரை போனார். நானும் பின்னால் போனேன். கதவில் கை வைத்தபடி நின்றார்.

"சிரிச்சீங்களா?" என்று கேட்டார், திரும்பாமலே.

"சிரிச்சேன்."

"எங்க?"

"தாத்தா முடிக்கிறதுக்குள்ள ரயில்பாதை முடிஞ்சிடுது பாருங்க, அங்க."

"குடை புடிச்சது நான்தான்," என்றார். "பழுது பார்க்கப் போன எடத்துல நானும் மாட்டிக்கிட்டேன். மூணு மணி நேரம். யார்கிட்டயும் சொன்னதில்ல."

அப்படியே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எண்களை அழுத்தினார். அறையில் இருந்த எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அச்சகமா? கதிரேசன் பேசுறேன். நிறுத்துங்க. ஏழாவது அத்தியாயம் உள்ள வரணும். முதல்லயே வரணும்." அந்தப் பக்கத்தில் என்னவோ கேட்டார்கள். அவர் என்னை ஒருமுறை முறைத்துப் பார்த்தார்.

"இல்ல, மனசு மாறல. படிச்சிட்டாங்க. ஆமா, ஒருத்தவங்க."